அந்த ஐந்தில் ஒரு குழந்தையைத் தேடிப் புறப்படுவோம்

ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே மழை. ஒரு வீட்டுக் குழந்தை மழைக்காலம் முடிவதற்குள் மூன்று நான்கு முறை மலேரியாவில் விழுந்து எழுகிறது. நான்கு வீடு தள்ளி அதே வயதுக் குழந்தை ஒரு நாள்கூடக் காய்ச்சல் என்று படுக்கவில்லை. கென்யாவின் கடற்கரைப் பகுதியான கிலிஃபியில் இப்படி நடக்கிறது. காம்பியாவின் ஆற்றங்கரைக் கிராமங்களில் நடக்கிறது. ஒடிசாவின் மல்கான்கிரி, கோராபுட் மலைகளிலும் நடக்கிறது. அந்தப் பிள்ளையின் தலையெழுத்து அவ்வளவுதான் என்று ஊர் பேசுகிறது. மாவட்டத்தின் சராசரி இவ்வளவு என்று எழுதிவிட்டு அலுவலகம் கோப்பை மூடுகிறது. இரண்டு பேச்சுக்கும் பலியாவது ஒரே குழந்தைதான். இரண்டையும் நாம் ஏற்கக் கூடாது.

2005-ல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆப்பிரிக்காவில் 90-க்கும் மேற்பட்ட இடங்களில், எத்தனை குழந்தைகளின் ரத்தத்தில் மலேரியாக் கிருமி இருந்தது, அந்த ஊரில் ஓர் ஆளை ஆண்டுக்கு எத்தனை நோய்க்கொசுக்கள் கடிக்கின்றன என்ற இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். எல்லாரையும் கொசு சமமாகக் கடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் கணக்கு எங்கும் உதைத்தது. 20 விழுக்காட்டு மக்கள்மீது 80 விழுக்காடு தொற்று விழுகிறது என்று வைத்தபோதுதான் பொருந்தி வந்தது. ஐந்து பேரில் ஒருவர், அந்த ஊருக்கான நோயில் பெரும்பகுதியை ஒற்றையாகச் சுமக்கிறார். அவர் யார், எந்த வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டால் வேலையில் பெரும்பகுதி முடிந்த மாதிரி. தெரியாமல் சராசரிக்கு மருந்து கொடுத்தால் எத்தனை கொடுத்தாலும் போதாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-ல் மலேரியாவால் இறந்தவர்கள் 5,97,000 பேர். இவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆப்பிரிக்காவில் இறந்தார்கள். அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். வகுத்துப் பாருங்கள், ஒன்றேகால் நிமிடத்துக்கு ஒரு குழந்தை. நாம் ஒரு கூட்டம் போட்டுப் பேசி முடிப்பதற்குள் நூறு குழந்தைகள்.

ஏன் இந்தப் பிள்ளைக்கு வந்தது, அந்தப் பிள்ளைக்கு வரவில்லை? முதலில் ரத்தத்தைப் பார்ப்போம். அதில் நம்முடைய ஆள் ஒருவர் இருக்கிறார். ஜே.பி.எஸ். ஹால்டேன். பிரிட்டன் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர், 'டெய்லி ஒர்க்கர்' ஏட்டின் ஆசிரியர் குழுவுக்குத் தலைமை ஏற்றவர், மரபியலில் அந்த நூற்றாண்டின் பெரிய தலைகளில் ஒன்று. மத்தியத் தரைக்கடல் ஓரத்து மக்களிடம் தலசீமியா என்ற ரத்தக் குறை ஏன் இவ்வளவு அதிகம் என்ற கேள்விக்கு, அந்தக் குறையைப் பாதி அளவில் சுமப்பவர்களை மலேரியா கொல்வது கடினமாக இருக்கலாம் என்று 1949-ல் எழுதினார். 1954-ல் ஆலிசன் என்ற ஆய்வாளர் கிழக்கு ஆப்பிரிக்காவில் அரிவாள் செல் ரத்தத்தை வைத்து அதே உண்மையைக் காட்டினார். அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ ஒரே ஒரு அரிவாள் செல் மரபணுவைப் பெற்ற குழந்தையைக் கடும் மலேரியா தாக்கும் வாய்ப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தைக்கோ அரிவாள் செல் நோயே வந்துவிடுகிறது. அந்தக் குழந்தைக்கு மலேரியா வந்தால் இரட்டை ஆபத்து. நீலகிரியின் பழங்குடி மக்களிடம் இந்த மரபணு இருப்பது 1952-லேயே தெரிய வந்தது. ஹால்டேன் 1957-ல் இந்தியாவுக்கே குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-ல் புவனேஸ்வரத்தில் இறந்தார். இந்தியாவில் மலேரியா அதிகம் அள்ளிக்கொண்டு போன மாநிலங்களில் முன்வரிசையில் நிற்கும் ஒடிசாவின் தலைநகரம் அது.

ரத்தத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்றால் நாம் செய்ய என்ன இருக்கிறது, வீட்டுக்குப் போகலாம். ஆனால் கிலிஃபியில் நடந்த ஆய்வு நம்மை வீட்டுக்கு அனுப்பவில்லை. அங்கே ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் குழந்தைகளைப் பின்தொடர்ந்து, யார் யாருக்குச் சொந்தம், யார் யாரோடு ஒரே வீட்டில் வாழ்கிறார்கள் என்ற விவரங்களோடு காய்ச்சல் கணக்கைச் சேர்த்துப் பார்த்தார்கள். அதுவும் 2005-ல்தான் வெளிவந்தது. குழந்தைக்குக் குழந்தை உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ கால் பங்கை மரபு விளக்கியது. பாடநூல்களில் பெரிதாகப் பேசப்படும் அரிவாள் செல் மரபணு தனியாக விளக்கியது இரண்டே விழுக்காடு. இன்னொரு கால் பங்கு எங்கே இருந்தது தெரியுமா? வீட்டில். ஒரே வீட்டில் வாழும் குழந்தைகள், சொந்தமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே மாதிரி நோயில் விழுந்தார்கள். அந்த வீட்டில் என்ன இருக்கிறது, எது இல்லை என்பதை அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மரபணுவை நம்மால் மாற்ற முடியாது. வீட்டை மாற்ற முடியும். என்னைக் கேட்டால் நம்முடைய வேலை முழுவதும் அந்தக் கால் பங்கில்தான் இருக்கிறது.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. பிறந்த முதல் சில மாதங்கள் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி குழந்தையைக் காக்கிறது. ஆறு மாதம் தாண்டும்போது அது கரைந்துவிடுகிறது. பிறகு ஒவ்வொரு முறை நோய் வந்து பிழைக்கும்போதும் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்கிறது. நோய் ஓயாத ஊரில் ஐந்து வயதுக்குள் அந்தப் பாடம் ஓரளவு முடிந்துவிடும், முடிவதற்குள் பல பிள்ளைகள் போய்விடுவார்கள். நோய் குறைந்த ஊரில் அந்தப் பாடமே நடப்பதில்லை. அங்கே பத்து வயதுப் பிள்ளையும் பெரியவரும்கூடப் புதிதாகப் பிறந்தவர் மாதிரி நோய்முன் நிற்பார்கள்.

இப்போது வீட்டுக்கு வாருங்கள். ஆப்பிரிக்காவின் முக்கிய மலேரியாக் கொசு இரவில், ஆட்கள் தூங்கும் நேரத்தில், வீட்டுக்குள் வந்து கடிப்பது. எந்த வழியாக வருகிறது? காம்பியா கிராமத்து வீட்டில் சுவரின் மேல்விளிம்புக்கும் கூரைக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். புகை போக, காற்று வர விடப்பட்ட இடைவெளி. உள்ளே தூங்குபவர்களின் மூச்சும் உடல் மணமும் அந்த வழியாகத்தான் வெளியேறும். அதைப் பிடித்துக்கொண்டே கொசு சுவரில் முட்டி, மேலேறி, அந்த இடுக்கு வழியாக உள்ளே இறங்கும். ஃபராஃபென்னி ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் 500 வீடுகளை எடுத்துக்கொண்டு, சில வீடுகளில் கதவு, சன்னல், கூரை இடுக்கு மூன்றையும் வலையால் அடைத்தார்கள். சில வீடுகளில் கூரைக்குக் கீழே வலைத்துணியால் மச்சு போட்டார்கள். மிச்ச வீடுகளை அப்படியே விட்டுப் பார்த்தார்கள். 2009-ல் வெளிவந்த முடிவு இது: வலை போட்ட வீடுகளுக்குள் கொசு பாதியாகக் குறைந்தது. அப்படியே விட்ட வீடுகளில் நூறு குழந்தைகளில் 30 பேருக்கு ரத்தசோகை, வலை போட்ட வீடுகளில் 20 பேருக்குத்தான். மலேரியா திரும்பத் திரும்பத் தின்றுவிட்டுப் போன ரத்தம்தான் அந்த ரத்தசோகை. மருந்து இல்லை, ஊசி இல்லை, வலைத்துணியும் ஆணியும் போதும்.

பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் இன்னும் நேராகச் சொல்லிவிட்டார்கள். ஒரே ஊரில் மிக ஏழை வீட்டுக் குழந்தைக்கு மலேரியா வரும் வாய்ப்பு, வசதி கூடிய வீட்டுக் குழந்தையைப் போல இரு மடங்கு. நல்ல சுவரும் நல்ல கூரையும் உள்ள வீட்டில் அந்த வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிறது. இந்த நோயின் வர்க்கத்தைக் காட்ட நாம் வேறு எந்த நூலையும் புரட்ட வேண்டியதில்லை.

இதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. மேற்குக் கென்யாவில் செய்த சோதனையில், பரவும் நிலையில் உள்ள கிருமியை ரத்தத்தில் வைத்திருந்த குழந்தைகளை நோக்கி மற்றக் குழந்தைகளைவிட இரு மடங்கு கொசுக்கள் போயின. கிருமி தன்னைச் சுமக்கும் பிள்ளையைக் கொசுவுக்குக் காட்டிக்கொடுக்கிறது. ஒரு முறை விழுந்த பிள்ளை வைத்தியம் இல்லாமல் விடப்பட்டால் அந்தப் பிள்ளையிடமிருந்தே அக்கம்பக்கம் முழுவதும் நோய் போகிறது. அந்த ஐந்தில் ஒரு குழந்தையைக் கைவிட்டால் மற்ற நான்கையும் கைவிட்ட கணக்குத்தான்.

நம் தோழர்களிடையே ஒரு வாதம் உண்டு, அதையும் பேசிவிடலாம். வறுமையை ஒழிக்காமல் கொசுவலை கொடுப்பது தர்ம காரியம், அரசு செய்ய வேண்டியதை நாம் ஏன் செய்ய வேண்டும் என்கிறார்கள். 1934-ஐ நினைத்துப் பாருங்கள். இலங்கையில் அந்த ஆண்டு மழை பொய்த்தது. மகா ஓயா மாதிரி ஆண்டு முழுதும் ஓடும் ஆறுகள் வற்றி, மணலுக்கு நடுவே குட்டை குட்டையாக நின்றன. அந்தத் தெளிந்த குட்டைகளில் மலேரியாக் கொசு பெருகியது. காலங்காலமாக மலேரியாவோடு வாழ்ந்து எதிர்ப்பு சக்தி பெற்றிருந்த வறண்ட வடபகுதி ஓரளவு தாங்கியது. நோய்ப் பழக்கம் குறைந்த கேகாலை, குருநாகல் பக்கத்து ஊர்கள் சரிந்து விழுந்தன. ஏழே மாதத்தில் செத்தவர்கள் ஏறத்தாழ 80,000 பேர். அவர்களில் கைக்குழந்தைகளும் சிறு பிள்ளைகளும் ஏராளம். அப்போது காலனி ஆட்சியை எதிர்த்த சூரியமல் இயக்கத்து இளைஞர்கள், மருத்துவர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் என்.எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும், கொய்னாவையும் பருப்பையும் சுமந்துகொண்டு கேகாலையின் கிராமங்களுக்குள் வீடு வீடாகப் போனார்கள். பருப்பு கொடுத்த பெரேராவுக்கு மக்கள் 'பருப்பு மாத்தையா' என்றே பெயர் வைத்தார்கள். மருந்து கொடுத்த கையோடு, இந்த மக்களைக் கொன்றதில் பட்டினிக்கும் பங்கு உண்டு என்று காலனி அரசின் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். 1935 டிசம்பரில் இவர்களின் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. மருந்துப் பையும் அரசியலும் அவர்கள் கையில் ஒன்றாகவே இருந்தன. அந்தத் தீவு 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று வாங்கியது.

நம் நாட்டிலும் செய்து காட்டியிருக்கிறார்கள். ஒடிசாவில் 2016-ல் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மலேரியா. எட்ட முடியாத மலைக் கிராமங்களுக்கு என்று 'தமன்' என்ற திட்டத்தை மாநில அரசு 2017-ல் கையில் எடுத்தது. காய்ச்சல் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கவில்லை. ஊரில் இருந்த அத்தனை பேருக்கும் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். கிருமி இருந்தால் அங்கேயே மருந்து, கூடவே வலை. ஆஷா சுகாதாரப் பணிப் பெண்கள் ஓடையும் காடும் தாண்டி நடந்தார்கள். 2019-ல் எண்ணிக்கை 40,000-க்கும் கீழே வந்துவிட்டது. சத்தீஸ்கரின் பஸ்தரில் 2020-ல் அதே மாதிரி வீடு வீடாகச் சோதித்தபோது, கிருமி இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் காய்ச்சலே இல்லை! காய்ச்சல் வரட்டும், வந்தால் பார்க்கலாம் என்று ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தால் அவர்களை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் பிடியைத் தளர்த்தினால் நோய் திரும்பிவிடும். அண்மை ஆண்டுகளில் ஒடிசாவின் எண்ணிக்கை மீண்டும் ஏறியிருக்கிறது.

தோழர்களே, அந்த ஒடிசாவின் பிள்ளைகள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். திருவள்ளூர், செங்கல்பட்டுச் செங்கல் சேம்பர்களில் கல் அறுப்பவர்களில் பெரும்பகுதி மேற்கு ஒடிசாவின் பலாங்கிர், நுவாபாடா பக்கத்துக் குடும்பங்கள். ஊரிலேயே முன்பணம் வாங்கிக்கொண்டு, மழை விட்டதும் புருஷன், பெண்சாதி, பிள்ளை என்று மொத்தமாக வந்து இறங்குகிறார்கள். சேம்பருக்குப் போனவர்களுக்குத் தெரியும், அவர்கள் தங்கும் இடம் எது என்று. சூளையில் வெந்த கல்லையே சாந்து பூசாமல் அடுக்கி, மேலே தகரமோ ஓலையோ போட்டு, குனிந்து நுழைய வேண்டிய உயரத்தில் ஒரு குச்சு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். மண் வெட்டிய பள்ளத்தில் மழைத்தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கும். வெக்கை தாங்காமல் பிள்ளைகள் வெளியே தார்ப்பாயில் தூங்கும். விடிவதற்கு முன்னால் அப்பாவும் அம்மாவும் கல் அறுக்கப் போய்விடுவார்கள். காம்பியாவில் ஒரு கை நுழையும் இடுக்கை அடைத்ததற்கே ரத்தசோகை அவ்வளவு குறைந்தது. இங்கே அடைப்பதற்குச் சுவரே இல்லை.

மேற்கு ஒடிசாவிலிருந்து கிருமியோடு வரும் ஒருவருக்குக் காய்ச்சல் இல்லாமலே இருக்கலாம். பக்கத்துக் குச்சில் இங்கேயே பிறந்த எட்டு மாதக் குழந்தைக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஃபால்சிபாரம் வகை மலேரியாவைக் கவனிக்காமல் விட்டால் 24 மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போகலாம். வலிப்பு வரும், நினைவு தப்பும். மேஸ்திரி அனுமதி கொடுத்து, வண்டி கிடைத்து, மொழி தெரியாத மருத்துவமனையில் வரிசையில் நிற்பதற்குள் அந்த 24 மணி நேரம் போய்விடும். வைவாக்ஸ் வகை வேறு மாதிரி துரோகம் செய்யும். கல்லீரலில் ஒளிந்துகொண்டு, புதுக் கொசு கடிக்காமலே அதே பிள்ளையைத் திரும்பவும் வீழ்த்தும். பப்புவா நியூகினியில் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு ஒன்றில், வைவாக்ஸ் தொற்றுகளில் ஐந்தில் நான்கு இப்படி உள்ளேயிருந்தே கிளம்பியவை. இரண்டு நாளில் காய்ச்சல் விட்டதே என்று மருந்தைப் பாதியில் நிறுத்திய பிள்ளைதான் மறுபடி விழும்.

நம் சென்னைக் கொசுவும் சும்மா இல்லை. மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் கட்டட வேலைத் தொட்டியிலும் வளரும் 'அனோஃபிலஸ் ஸ்டெஃபென்சி' 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் கண்டறியப்பட்டது. அந்த ஆண்டு அங்கே மலேரியா 27 பேருக்கு. 2020-ல் 73,000-க்கும் மேல். எத்தியோப்பியாவின் டிரே டாவா நகரத்தில் 2022-ல் நோய் வெடித்ததும் இதே கொசுவால்தான். கிராமத்து நோயாக இருந்ததை நகரத்துக்குக் கொண்டுபோகும் கொசு இது. நகரத்துக் குழந்தைகளுக்கு எந்த எதிர்ப்பு சக்தியும் கிடையாது.

இந்த நேரம் பார்த்துப் பணத்தை நிறுத்தினார்கள். 2023-ல் மலேரியாவுக்கு எதிரான வேலைக்கு உலகத்துக்குத் தேவைப்பட்டது 830 கோடி டாலர். வந்தது 400 கோடி. அதிலும் மற்ற நாடுகளைவிடப் பெரிய பங்கு கொடுத்து வந்த அமெரிக்கா 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவியை முடக்கியது. ஆப்பிரிக்காவின் சஹேல் நாடுகளில் மழைக்கால மாதங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட 5 கோடிக் குழந்தைகளுக்கு மாதம் ஒரு சுற்றாக நோய்த் தடுப்பு மாத்திரை கொடுக்கிறார்கள். முதல் நாள் மாத்திரையை ஊர்ப் பணியாளர் தன் கையால் கரைத்துக் கொடுப்பார், அடுத்த இரண்டு நாளும் தாய் கொடுப்பாள். ஒரு சுற்று தவறினால் அந்த மாதம் அந்தக் குழந்தைக்குக் காவல் இல்லை. ஆர்21 என்ற மலேரியாத் தடுப்பூசி நம் புனேயில்தான் தயாராகிறது, ஒரு டோஸ் 4 டாலருக்கும் குறைவு. அதை வாங்கிக் கொடுக்க உலகத்தில் பணம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தியா தன் பங்கைப் போட வேண்டும், தன் நாட்டில் தயாராகும் மருந்தும் ஊசியும் ஆப்பிரிக்கக் குழந்தைக்குப் போய்ச் சேர உரத்துப் பேச வேண்டும் என்று நாம் தெருவில் இறங்கிக் கேட்போம். நாடாளுமன்ற உறுப்பினர்களின் வாசலில் போய்க் கேட்போம்.

கேட்டுக்கொண்டே செய்யவும் வேண்டும். வடகிழக்குப் பருவமழை விடும்போது சேம்பர்களுக்கு ஆட்கள் வந்து இறங்கத் தொடங்குவார்கள். அதற்குள் ஒவ்வொரு வட்டத்திலும் எந்தெந்த சேம்பர், எந்தெந்தக் கட்டட வேலையிடம் என்று பட்டியல் எடுங்கள். அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையும் கிராம சுகாதார செவிலியரையும் போய்ப் பாருங்கள். ரத்தப் பரிசோதனையும் மருந்தும் அரசிடம் இலவசம், போய்ச் சேர்வதற்குத்தான் ஆள் வேண்டும். வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாருக்கும், கைக்குழந்தையையும் சேர்த்து, சோதனை நடத்தச் சொல்லி வற்புறுத்துங்கள். செவிலியரோடு நீங்களும் குச்சு குச்சாகப் போங்கள். விரலில் குத்தி, சொட்டை விட்டு, கால் மணி நேரம் காத்திருக்கும்போது அந்தக் குச்சைச் சுற்றிப் பாருங்கள். எங்கே தண்ணீர் நிற்கிறது, பிள்ளை எங்கே தூங்குகிறது, வலை இருக்கிறதா, வலையில் ஓட்டை இருக்கிறதா? மாத்திரையை நாமாகக் கொடுக்க வேண்டாம், மருத்துவர் எழுதிய மருந்தைக் கடைசி நாள்வரை அந்தப் பிள்ளை விழுங்கியதா என்று பார்ப்பதுதான் நம் வேலை. ஒரு நோட்டுப் போடுங்கள். இரண்டாவது முறை காய்ச்சல் வந்த பிள்ளையின் பெயருக்குக் கீழே கோடு போடுங்கள். ஐந்தில் ஒன்று என்று அந்த ஆய்வு சொன்ன குழந்தை அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது. அந்தக் குச்சுக்குத் தார்ப்பாயும் வலையும் முதலில் போகட்டும். பள்ளத்தை மூடச் சொல்லிச் சேம்பர் முதலாளியிடம் கேளுங்கள், மூடவில்லை என்றால் வட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். குடியிருக்கத் தகுந்த குடில் கேட்டுத் தொழிலாளர்களோடு சேர்ந்து நில்லுங்கள்.

மருத்துவ மாணவர்கள், செவிலியர்கள், ஆசிரியர்கள், கட்டடத் தொழிலாளர் சங்கத்துத் தோழர்கள், எல்லாரும் வேண்டும். ஒடியா பேசத் தெரிந்தவர்கள் மிகவும் வேண்டும். ஒரு குச்சின் வாசலில் நின்று பிள்ளைக்குக் காய்ச்சலா என்று அவர்கள் மொழியில் கேட்க ஓர் ஆள் இருந்தால் பாதித் தடை நீங்கிவிடும். உங்கள் பெயரையும், எந்த வட்டத்துக்குப் போவீர்கள் என்பதையும் இந்த வாரத்துக்குள் கிளையில் கொடுத்துவிடுங்கள். மழை விடுவதற்குள் நாம் அங்கே இருக்க வேண்டும்.